பட்டர்ஃப்ளை ஓபரா: நேர்ல போறதா, சினிமா தியேட்டர்ல பாக்கறதா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல மேற்கத்திய சங்கீதம் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு ஓபரா (பாட்டாலயே கதை சொல்ற மேடை நாடகம்) பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. ஒண்ணை மட்டும் விரிவா எடுத்துக்கிட்டேன், மத்தது சுருக்கமா.

கேள்வி: வணக்கம் மேடம். நாங்க நியூஜெர்ஸில எடிசன்ல இருக்கோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல 'மடாமா பட்டர்ஃப்ளை' போடறாங்க, அதையே ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கற சினிமா தியேட்டர்லயும் நேரடியா காட்டறாங்களாம். நான் இதுவரைக்கும் ஓபரா பாத்ததே இல்ல. ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, எழுபது வயசாகப் போகுது, பாட்டுன்னா உயிரு, ஆனா காது கொஞ்சம் மந்தம், முழங்கால் வலி வேற. தியேட்டர்னா பார்க்கிங் பிரச்னை இல்ல, டிக்கெட்டும் கம்மி. வீட்டுக்காரர் "எல்லாம் ஒண்ணுதானே, பெரிய ஸ்கிரீன்ல இன்னும் நல்லாவே தெரியும்"ங்கறாரு. ரொம்ப சோகமான கதைன்னும் சொல்றாங்க. எங்க போறது நல்லது?
(வாசகி, எடிசன், நியூஜெர்ஸி)

பதில்: ஒரே ஒரு தடவைதான் போக முடியும்னா 'மெட்'டுக்கே (மெட்ரோபாலிட்டன் ஓபராவைச் சுருக்கமா அப்படித்தான் சொல்லுவாங்க) போங்க, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேந்து. அம்மா விஷயத்துக்கு வேற பதில், அதைக் கீழ சொல்றேன்.

காரணம் புரியணும்னா முதல்ல கதை தெரியணும். நாகசாகி துறைமுகம். பிங்கர்டன்னு ஒரு அமெரிக்கக் கடற்படை ஆபீசர், தரகர் மூலமா ஒரு வீட்டையும் ஒரு பொண்ணையும் சேத்து ஏற்பாடு பண்ணிக்கறான். வீடு 999 வருஷக் குத்தகை, ஆனா மாசா மாசம் வேணாம்னு ரத்து பண்ணிக்கலாம், கல்யாணமும் அதே கணக்குதான்னு அவன் நினைப்பு. பொண்ணு பேரு சோ-சோ-சான், அவதான் பட்டர்ஃப்ளை, வயசு 15. அவ இதை நிஜக் கல்யாணம்னு நம்பி மதம் மாறி, அதனாலயே சொந்த பந்தம் மொத்தமும் தலை முழுகிட, அப்பவும் அவனையே நம்பி இருக்கா. அவன் கப்பலேறிப் போயிடறான். மூணு வருஷம் ஓடிப் போகுது. ஆம்பளப் பிள்ளை ஒண்ணு பொறந்து வளருது, அது அவனுக்கே தெரியாது. ஒரு நாள் கப்பல் திரும்பி வருது, வீடு பூரா பூவைத் தூவி, கல்யாண உடுப்பைக் கட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கா, அவன் வரல. விடிஞ்சு வரும்போது அமெரிக்கப் பொண்டாட்டியோட வரான், குழந்தையைக் கூட்டிட்டுப் போக. அப்புறம் அவளோட அப்பா உயிரை மாய்ச்சுக்கிட்ட அதே கத்தியை இவளும் எடுக்கறா.

இதுல என்னை உலுக்கறது அந்த ராத்திரி. கத்தி எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இந்த ஓபராவுக்கு இசையமைச்ச புச்சினி இந்தக் கதைல விழுந்ததுக்கே அந்த ராத்திரி ஒரு முக்கியமான காரணம்னு நான் நம்பறேன். 1900-ல அவர் லண்டன் போயிருந்தப்ப டேவிட் பெலாஸ்கோங்கற அமெரிக்கர் இதே கதையை வெச்சுப் போட்ட நாடகத்தைப் பாக்கறாரு. அதுல பட்டர்ஃப்ளை காத்திருக்கற காட்சி மட்டும் சுமார் 14 நிமிஷம், வசனமே கிடையாது, மேடை வெளிச்சம் மட்டும் சாயங்காலத்துலேர்ந்து இருட்டா மாறி இருட்டுலேர்ந்து விடியலா மாறிக்கிட்டே போகும், அவ்வளவுதான். அதை ஓபராவா எழுதும்போது அந்த மௌனத்துக்கு அவர் குடுத்தது வார்த்தையே இல்லாத ஒரு பாட்டு. மேடைக்குப் பின்னாடி கண்ணுல படாத இடத்துல நின்னு கோரஸ் வாயை மூடிக்கிட்டு மெதுவா முனகற மாதிரி பாடுவாங்க, ஆர்கெஸ்ட்ரா அடில தந்தியை லேசா மீட்டிக்கிட்டே போகும். குழந்தையும் வேலைக்காரி சுசுகியும் தூங்கிடறாங்க, இவ மட்டும் அசையாம நிக்கறா. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா தனியா வாசிக்கும், தூரத்துல மாலுமிங்க கூப்புடற குரல் கேக்கும், மெல்ல வெளிச்சம் வரும்.

இந்த இடத்தை அரங்குல உக்காந்து கேக்கறதும் தியேட்டர்ல பாக்கறதும் ஒண்ணே இல்ல. மெட்ல சுமார் 3,800 சீட். அத்தனை பேரும் மூச்சைக் கூட அடக்கிக்கிட்டு இருக்கும்போது எங்கேர்ந்தோ அந்த முனகல் வருது, எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு சொல்ல முடியாது, அந்தத் தூரம் நிஜமான தூரம். நம்மளும் அவளோட சேந்து காத்துக்கிட்டுதான் இருக்கோம், நிமிஷம் நிமிஷமா, நடுவுல யாரும் வந்து நம்மளைக் காப்பாத்த மாட்டாங்க. தியேட்டர்ல கேமரா காப்பாத்திடும், அதான் குறை. முகத்துக்குக் கிட்டப் போகும், காகித விளக்கைக் காட்டும், குழந்தையைக் காட்டும், மறுபடி முகம், வேற கோணம். படம் எடுக்கறவங்க பேர்ல தப்பில்ல, ஒரே ஷாட்டை அத்தனை நேரம் திரையில வெச்சா ஜனங்க நெளிவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவை ஷாட் மாறும்போதும் காத்திருப்புல ஒரு பங்கு குறைஞ்சு போகுது, அந்த ராத்திரி நீளமா இல்லேன்னா காலைல விழற அடி பாதியாதான் விழும்.

ராத்திரிக்கு நடுவுல நிறுத்தலாமா வேணாமாங்கறது அந்தக் காலத்துலயே பெரிய விவகாரம் தெரியுமா. 1904 பிப்ரவரி 17 அன்னிக்கு மிலான் லா ஸ்காலா அரங்குல முதல் தடவை போட்டப்ப ரெண்டாம் பாதி சுமார் ஒன்றரை மணி நேரம் இடைவேளையே இல்லாம ஓடிச்சு. விடியற இடத்துல நிஜமா இருக்கணும்னு ஆளுங்களை வெச்சு பறவைச் சத்தம் எழுப்ப, மேல உக்காந்திருந்த ஜனங்க பதிலுக்கு மிருகங்க மாதிரி கத்தி ரகளை பண்ணி ராத்திரியையே நாசம் பண்ணிட்டாங்க. புச்சினி உடனே ஓபராவைத் திரும்ப வாங்கிக்கிட்டாரு. திருத்தி, அந்த நீளமான பாதியை ரெண்டா வெட்டி, அதே வருஷம் மே 28 பிரேஷியாங்கற ஊர்ல போட்டாரு, அங்க அப்படி ஒரு வரவேற்பு. அதனாலதான் இன்னிக்கும் சில அரங்குல கோரஸ் முடிஞ்சதும் இடைவேளை விடறாங்க, சில இடத்துல விடறதில்ல. விடாம ஓட்டறதுதான் எனக்குப் பிடிக்கும்.

அடுத்து குரல். உங்க வீட்டுக்காரர் சொன்ன "எல்லாம் ஒண்ணுதானே"ங்கறதுக்கு நேரடியான பதில் இதுலதான் இருக்கு. மெட்ல பாடறவங்களுக்கு மைக் கிடையாது. நம்ம சபா கச்சேரில மைக்கும் ஸ்பீக்கரும் பழகிப் போன காதுக்கு இதை நம்பறதே கஷ்டம்: கீழ பள்ளத்துல அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா முழு வேகத்துல வாசிக்குது, ஒரு பொம்பளையோட வெறும் தொண்டை அதைத் தாண்டி அஞ்சு மாடி உயரத்துல உக்காந்திருக்கற உங்ககிட்ட வந்து சேருது. ரெண்டாவது அங்கத்துல 'உன் பெல் தீ'ன்னு ஒரு பாட்டு வரும், ஒரு நாள் கடல் ஓரத்துல புகை தெரியும், கப்பல் வரும், அவர் மலையேறி வருவாருன்னு சுசுகிகிட்ட சொல்ற பாட்டு. ஆரம்பத்துல கனவு காணற மாதிரி மெல்லிசா மேலேர்ந்து இறங்கும், கடைசில ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் எழும்பும்போது அதுக்கு மேல குரல் ஏறி நிக்கும். அந்த இடத்துல உடம்புல என்ன நடக்குதுன்னு நேர்ல இருந்தாதான் தெரியும். தியேட்டர்ல சவுண்ட் என்ஜினியர் குரலையும் வாத்தியத்தையும் அளவு பாத்துக் கலந்து குடுத்துடறாரு, சின்னக் குரலும் பெரிய குரலும் ஒரே சைஸ்லதான் கேக்கும். சத்தம் அருமையாவே இருக்கும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தக் குரல் எதை எதிர்த்துப் போராடுதுங்கறது தெரியாது.

சரி, தியேட்டர்ல கிடைக்கறதையும் சொல்லியாகணும், அதுவும் சின்ன விஷயம் இல்ல. மெட்ல இப்ப ஓடற பட்டர்ஃப்ளை, சினிமா டைரக்டர் ஆந்தனி மிங்கெல்லா மேடையேத்தினது. 2005-ல லண்டன்ல ஆரம்பிச்சு 2006-ல மெட்டுக்கு வந்தது. ஒரு சத்தமும் இல்லாம விசிறியோட ஒரு டான்ஸர் வர்றதுலேர்ந்து ஆரம்பிக்கும், மேடைக்கு மேல சாய்வா ஒரு பெரிய கண்ணாடி, நகர்ற திரைங்க, கொட்டற பூவிதழ். குழந்தையா நடிக்கறது குழந்தை இல்ல, ஒரு பொம்மை. ஜப்பான்ல புன்ராகுன்னு ஒரு பொம்மலாட்டம் உண்டு, அந்த மாதிரி கறுப்பு உடையில மூணு பேர் சேந்து தலை, கை, காலை ஆட்டுவாங்க. தியேட்டர்ல க்ளோசப்ல பாக்கும்போது அந்த மர முகம் துளி கூட மாறாதுன்னு நல்லாவே தெரியும், இருந்தும் அம்மா பாடப் பாட அது தலையைச் சாய்ச்சுக் கேக்கற விதத்துல நமக்கு வயித்தைப் பிசையும். மேல் மாடிலேர்ந்து பாத்தா பொம்மை கட்டை விரல் அளவுதான், ஆனா ஆட்டுறவங்க சுத்தமா மறைஞ்சு போய் நிஜக் குழந்தை ஓடி வர மாதிரியே இருக்கும். ரெண்டும் ரெண்டு விதம்.

க்ளோசப்தான் ஜெயிக்குதுன்னு நான் அடிச்சுச் சொல்ற இடம் கடிதக் காட்சி. அமெரிக்கத் துணைத் தூதர் ஷார்ப்லெஸ், பிங்கர்டன் எழுதின கடிதத்தைப் படிக்க வரான், அவன் இனிமே வரமாட்டான்னு பக்குவமா சொல்லணும். இவ ஒவ்வொரு வரிக்கும் சந்தோஷப்பட்டுக் குறுக்க பேசிக்கிட்டே இருக்கா, அவனால மேல படிக்க முடியல. கடைசில கடிதத்தை மடிச்சுட்டு, "அவர் வரவே இல்லேன்னா என்ன பண்ணுவே"ன்னு கேக்கறான். உள்ள ஓடிப் போய் குழந்தையைத் தூக்கிட்டு வரா. அந்த ஷார்ப்லெஸ் முகத்தை மேல் மாடிலேர்ந்து பைனாகுலர் வெச்சாலும் சரியாப் பாக்க முடியாது, தியேட்டர்ல முழுசாக் கிடைக்கும்.

இப்ப அம்மா. அவங்களைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போங்க. காது மந்தம்னா ஸ்பீக்கர் வழியா ஒரே அளவுல வர்ற சத்தம் நல்லதுதான், சப்டைட்டில் திரையிலயே பெருசா வரும், சீட்டும் சௌகரியம். மெட்லயும் காது கேக்க உதவற கருவி கேட்டா குடுப்பாங்க, லிஃப்ட் இருக்கு, ஆனா விலை கம்மியான மேல் வரிசைங்க ரொம்ப செங்குத்து, முழங்கால் வலியோட வேணாம். மெட் ஷோ உங்களுக்கு முன்னாடி அமைஞ்சா ரொம்ப நல்லது, முதல்ல நீங்க ரெண்டு பேரும் போய் குரலைக் கேட்டுட்டு வாங்க, சனிக்கிழமை அம்மா பக்கத்துல உக்காந்து முகத்தைப் பாருங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வேகம் பத்தாதுன்னா முந்தின நாளே கதையை முழுசாச் சொல்லிடுங்க, அது போதும்.

டிக்கெட்டுக்குப் பயப்படாதீங்க. மெட்ல உச்சி மாடி, ஃபேமிலி சர்க்கிள்னு சொல்லுவாங்க, அங்கதான் விலை கம்மி, சத்தமும் அங்கதான் பிரமாதமாக் கேக்கும்னு பழகினவங்க எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அதேதான் சொல்றேன். 25 டாலர்ல ரஷ் டிக்கெட்னு ஒண்ணு அன்னன்னிக்கு ஆன்லைன்ல விடறாங்க, சீக்கிரம் தீந்துடும், இருந்தாலும் முயற்சி பண்ணுங்க. எடிசன்லேர்ந்து ரயில்ல பென் ஸ்டேஷன், அங்கேர்ந்து 1-ம் நம்பர் சப்வே, 66-வது தெரு லிங்கன் சென்டர்ல இறங்கினா வாசல்தான். ஒண்ணே ஒண்ணு, லேட்டாப் போயிடாதீங்க, ஆரம்பிச்சுட்டா இடைவேளை வரைக்கும் சீட்டுக்கு விட மாட்டாங்க.

கேள்வி: இத்தாலியன் ஒரு வார்த்தை கூடத் தெரியாது. இங்கிலீஷ்ல எழுத்து ஓடுமாமே, அதைப் படிச்சுக்கிட்டே எப்படி அழறது?
(வாசகர், டொராண்டோ)

பதில்: மெட்ல 1995-லேர்ந்து முன்னாடி சீட்டோட முதுகுல ஒரு சின்னத் திரை இருக்கு, வேணும்னா போட்டுக்கலாம், வேணாம்னா அணைச்சுடலாம், பக்கத்து ஆளுக்குத் தொந்தரவு இல்ல. முதல் அங்கத்துக்குப் போட்டுக்கோங்க, அங்க பேச்சு ஜாஸ்தி. கடைசி அங்கம் வந்ததும் அணைச்சுட்டு மேடையைப் பாருங்க, கதை தெரிஞ்சா அதுக்கு மேல எழுத்து தேவையே படாது. சினிமா தியேட்டர்ல அணைக்க முடியாது, கண்ணு தானா அங்க போகும், எனக்கு அது ஒரு இடைஞ்சல்தான். மேல சொன்ன லண்டன் நாடகத்தைப் பாத்தப்ப புச்சினிக்கு இங்கிலீஷ் ஏறக்குறைய தெரியவே தெரியாது. பாஷை புரியாமத்தான் அந்த மனுஷன் அவ்வளவு கலங்கிப் போய், கதையோட உரிமையை வாங்கியே தீரணும்னு அலைஞ்சாரு.

கேள்வி: பத்து வயசுப் பொண்ணு இருக்கா, டான்ஸ் கத்துக்கறா. இதுக்குக் கூட்டிட்டுப் போலாமா?
(வாசகி, லண்டன்)

பதில்: இன்னும் கொஞ்சம் வருஷம் போகட்டும்ங்க. குழந்தை கண்ணைக் கட்டி, கைல அமெரிக்கக் கொடியைக் குடுத்து விளையாட விட்டுட்டு அம்மா மறைவுல போய் உயிரை விடற கதை. பெரியவங்களுக்கே தாங்காது. பத்து வயசுல அந்தக் குழந்தையைத்தான் அவ தானா நினைச்சுப்பா. ஓபரா அறிமுகம்தான் வேணும்னா மோட்ஸார்ட்டோட 'மேஜிக் ஃப்ளூட்' கூட்டிட்டுப் போங்க. மெட், சினிமா தியேட்டர்ல நேரடியாக் காட்ட ஆரம்பிச்சப்ப, 2006 டிசம்பர் 30-ல, முதல்ல காட்டினதே அதைக் குழந்தைங்களுக்காகச் சுருக்கி இங்கிலீஷ்ல போட்டதுதான்.

கேள்வி: வெள்ளைக்காரனுக்காக ஆசியப் பொண்ணு உயிரை விடற கதையை இன்னும் எதுக்குப் பாக்கணும்? என் பொண்ணு காலேஜ்ல படிக்கறா, இதைப் பத்திப் பேச்சு எடுத்தாலே கோவப்படறா.
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்க பொண்ணு கோவத்துல நியாயம் இருக்கு, அதை அடக்காதீங்க. இந்த ஜப்பான், ஒரு தடவை கூட அங்க போகாத இத்தாலிக்காரர் கற்பனை பண்ணின ஜப்பான். வெள்ளைக்காரங்க கண்ணை இழுத்து மேக்கப் போட்டுக்கிட்டு குறுக்கி நடந்து காட்டின காலமும் ரொம்ப நாள் இருந்தது, இப்ப நிறைய அரங்குல அதை நிறுத்தியாச்சு, லண்டன் ராயல் ஓபரா கூட 2022-ல விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டு மேக்கப், அசைவு எல்லாத்தையும் திருத்தினாங்க. ஆனா இசை யார் பக்கம் நிக்குதுன்னு அவகிட்ட கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. கல்யாண நாள்லயே "ஒரு நாள் நிஜமான அமெரிக்கப் பொண்ணைக் கட்டிப்பேன்"னு கோப்பையைத் தூக்கறான் பிங்கர்டன், அவன் வரும்போது அமெரிக்கத் தேசிய கீதத்தோட மெட்டைப் போட்டு அவனை அடையாளம் காட்டறாரு புச்சினி. அதே மெட்டு ரெண்டாவது அங்கத்துல, கப்பல் பேரை பட்டர்ஃப்ளை டெலஸ்கோப்ல படிக்கற நேரம் திரும்ப வரும், அப்ப அது கேக்கற விதமே வேற. 1904-ல லா ஸ்காலாவுல இருந்ததைவிட பின்னாடி பிங்கர்டனுக்கு வருத்தப்படற பாட்டு ஒண்ணு சேத்து அவனைக் கொஞ்சம் நல்லவனாக்கிட்டாரு, எனக்கு அது தேவையில்லைன்னு தோணும். கோவத்தோடயே போய்ப் பாக்கட்டும், வந்து உங்களோட சண்டை போடட்டும்.

கேள்வி: நாங்க மும்பை மாதுங்கால இருக்கோம். நியூயார்க் எல்லாம் போற வசதி இல்ல. இங்க என்.சி.பி.ஏ கலையரங்கத்துல மெட் ஓபராவைத் திரையில போடறாங்க. அப்ப எங்களுக்குக் கிடைக்கறது ரெண்டாந்தரமா?
(வாசகர், மும்பை)

பதில்: இல்லவே இல்ல. மேல சொன்னது ரெண்டும் கைக்கு எட்டற தூரத்துல இருக்கறவங்களுக்கு. உங்களுக்கு மிங்கெல்லா பட்டர்ஃப்ளை திரையிலதான் கிடைக்கும்னா திரையில கட்டாயம் பாருங்க. மெட் இதை 2009, 2016, 2024-ன்னு மூணு தடவை காட்டியிருக்காங்க. 2009-ல பட்ரீஷியா ராசெட், 2016-ல கிறிஸ்டீன் ஓபோலைஸ், 2024-ல அஸ்மிக் கிரிகோரியன், மூணு பேரும் மூணு விதமான பட்டர்ஃப்ளை, எது போட்டாலும் போங்க. நியூயார்க்ல சனிக்கிழமை மத்தியானம்னா நமக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆயிடும், அதனால இங்க பதிவைத்தான் பின்னாடி ஒரு நாள் போடுவாங்க, அதுல ஒரு நஷ்டமும் இல்ல.

நஷ்டம் வர்றது ஒரே இடத்துல, அதைத் தவிர்க்க வழி இருக்கு. இடைவேளைல சும்மா விட மாட்டாங்க, மேடைக்குப் பின்னாடி கேமரா போகும், அப்பத்தான் பாடி முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற பட்டர்ஃப்ளைகிட்ட மைக்கை நீட்டி எப்படி இருந்துச்சுன்னு பேட்டி எடுப்பாங்க, செட்டை மாத்தற ஆளுங்களைக் காட்டுவாங்க. வேற ஓபராவுல எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், நிறைய கத்துக்கலாம். பட்டர்ஃப்ளைல வேணாம். மூணு வருஷமா ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்கறவ தண்ணி பாட்டிலோட சிரிச்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்துட்டு உள்ள வந்தா மறுபடி அந்த வீட்டுக்குள்ள நுழையவே பத்து நிமிஷம் ஆகும். விளக்கு போட்டதும் எழுந்து வெளில போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு, போனைப் பாக்காம, மணி அடிச்சதும் திரும்பி வந்து உக்காருங்க. நடுவுல, திரைக்கு ரொம்பக் கிட்டவும் இல்லாம பின்னாடியும் இல்லாம சீட் எடுங்க. போறதுக்கு முந்தின வாரம் வீட்டுல விளக்கை அணைச்சுட்டு அந்த முனகல் கோரஸை மட்டும் ஹெட்ஃபோன்ல கேட்டுட்டுப் போங்க, சுமார் மூணு நிமிஷம்தான், திரையில அது வரும்போது கேமரா எங்க ஓடினாலும் உங்க காது அசையாம அவ பக்கத்துலயே இருக்கும்.